பெக்கப் திகதியைப் பார், பிள்ளை

அன்பின் பிள்ளைக்கு,

கொச்சிக்கடையிலிருந்து நீ எழுதியது கிடைத்தது. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில் சனத்துக்குள் உன் சிநேகிதி போனைப் பறிகொடுத்தாள் என்றதும் உனக்கும் பயம் பிடித்துவிட்டது. "என்னுடைய போனில எல்லாம் கூகுளுக்குத் தானாகவே ஏறுது, அது காணும்தானே மாமா?" என்று கேட்டிருக்கிறாய். காணாது.

தானாக ஏறுகிறது என்று உனக்கு யார் சொன்னது? இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு வட்ஸ்அப்பைத் திற. செட்டிங்ஸ், பிறகு சட்ஸ், பிறகு சட் பெக்கப். கடைசியாகப் பிரதி எடுத்த திகதி அங்கே சின்ன எழுத்தில் இருக்கும். நேற்றிரவு என்றிருந்தால் சந்தோஷம். போன மார்ச் என்றிருந்தால், அதற்குப் பிறகு அம்மம்மா அனுப்பிய குரல்பதிவெல்லாம் உன் கையிலுள்ள அந்தப் போனில் மட்டும்தான் இருக்கிறது.

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜீபீ. மின்னஞ்சல், படங்கள், ட்ரைவ் எல்லாம் அதற்குள்தான் அடங்கவேண்டும். 2024இலிருந்து அன்ட்ரொயிட் போனின் வட்ஸ்அப் பிரதியையும் அதிலேயே கணக்கு வைக்கிறார்கள். ஐபோன்காரருக்கு ஐகிளவுட் தருவது வெறும் 5 ஜீபீ. நிரம்பினால் ஏறுவது நின்றுவிடும். அறிவித்தல் வரும், வராமல் இல்லை. நீதான் பார்க்காமல் விரலால் தள்ளிவிட்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

"இந்தக் கவனமெல்லாம் பெரிய கந்தோர்களுக்கு, எனக்கெதற்கு" என்பாய். பெரிய கந்தோரில் நடந்ததையே சொல்கிறேன், கேள். 2023 ஓகஸ்டில் நம் அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பில், கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் ரான்சம்வெயார் புகுந்தது. ஏறத்தாழ 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகத்தினது உட்பட. பழைய பிரதியிலிருந்து கட்டமைப்பை மீட்டார்கள்தான். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்குத் தனியே கழற்றிவைத்த பிரதி இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரச கடிதப் போக்குவரத்து அப்படியே போயிற்று. அவர்களிடமும் பெக்கப் என்று ஒன்று இருந்தது. அது எந்தத் திகதியில் நின்றிருந்தது என்பதுதான் கதை. இதை நினைக்க எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இன்னொரு பிழையும் நீ செய்வாய். போன் நிரம்பிவிட்டது, படங்கள்தான் கூகுளில் இருக்கின்றனவே என்று போனில் அழிப்பாய். கூகுள் ஃபோட்டோஸுக்குள் நின்று அழித்தால் அங்கேயும் அழியும், பிள்ளை! குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், பிறகு இல்லை. இரண்டு இடமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற மாதிரித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்கென்றே 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' இருக்கிறது, அதை அழுத்து.

ஆகவே கூகுளுக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும். ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கு. படங்களை அதில் ஏற்றிவிட்டுக் கழற்றி வை. உன் வீட்டு அலுமாரியில் அல்ல, வெள்ளவத்தையில் என்னிடம். "ஒரே கொழும்புக்குள் எதற்கு இவ்வளவு" என்று சிரிக்காதே. 83 ஜூலைக் கலவரத்தில் இந்த வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளோடு கலியாண அல்பங்களும் எரிந்தன. ஊரிலும் லண்டனிலும் இருந்த சொந்தக்காரருக்கு முன்பே அனுப்பிய படம்தான் பலருக்கு மிஞ்சியது. பெற்றோரின் முகத்தை மற்றவர் வீட்டு அல்பத்திலிருந்து கேட்டு வாங்கியவர்கள் நம் சனம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை நீயே பார்த்தாய். ஒரே வீட்டுக்குள் எத்தனை பிரதி இருந்தாலும் போகும்போது எல்லாம் ஒன்றாகத்தான் போகும்.

இனி, உன் சிநேகிதி மாட்டிக்கொண்ட இடம். அவளுடைய படங்கள் கூகுளில் பத்திரமாகத்தான் இருக்கும். புதுப் போனில் உள்ளே போகப் பார்த்தால், ஓடீபீ வருவது களவு போன சிம்முக்கு! முதலில் போன் கம்பனியிடம் அதே இலக்கத்துக்குப் புது சிம் எடுக்கச் சொல். வட்ஸ்அப் பிரதியை மீட்கவும் அதே இலக்கமும் அதே கூகுள் கணக்கும் வேண்டும். நீயோ இன்றைக்கே கூகுளின் பாதுகாப்புப் பக்கத்தில் பெக்கப் கோட்களை எடு. எட்டு இலக்கத்தில் பத்து எண் தரும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அவற்றைப் போனில் படம் பிடித்து வைக்காதே. தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கவருக்குள் வை. வட்ஸ்அப் பிரதிக்குப் பாஸ்வேர்ட் போட்டிருந்தால் அதையும் எழுது. அதை மறந்தால் அந்தக் கம்பனியாலும் திறந்து தர முடியாது.

இவ்வளவும் செய்த பிறகு, அப்பாவின் பழைய போனில் உன் கணக்கால் உள்ளே போய்ப் படங்களைத் திறந்து பார். மூன்று வருடத்துக்கு முந்திய வீடியோ ஒன்று கடைசி வரை ஓடுகிறதா என்று பார். ஓடாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போனையும் ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு வா, இருந்து பார்ப்போம். மாமி புட்டும் மீன் குழம்பும் வைப்பதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
மாமா