பிரசவத் திட்டம்: வலி வருமுன் பேசிவைப்போம்

விஸ்வநத்தம் பகுதியிலிருந்து பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளிடம், "பிரசவத்தின்போது உங்கள் விருப்பம் என்ன?" என்று நாங்கள் கேட்பதுண்டு. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பதே பெரும்பாலும் விடை. பெரியவர்களின் அனுபவம் துணைநிற்கட்டும். வலியைத் தாங்கப்போகும் பெண்ணின் விருப்பமும் பதிவாக வேண்டும்.

எட்டாம் மாதத்துக்குள் மகப்பேறு செவிலியருடனோ கிராம சுகாதார செவிலியருடனோ அமர்ந்து பேசுங்கள். அவர் ஒவ்வொரு வழியின் நன்மை தீமைகளை விளக்குவார், முடிவு உங்களுடையது. எழுதிவைக்க வேண்டியவை:

1. பிரசவம் எங்கே? பட்டாசு ஆலைக்குள் கைபேசி கூடாது. கணவர் வேலையில் இருக்கும்போது வலி கண்டால், 108 ஊர்தியை அழைப்பவர் யார்?

2. பிரசவ அறையில் துணை யார்? தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் உறவுப்பெண் ஒருவர் உடனிருக்க வழியுண்டு.

3. வலியின்போது நடப்பதா, ஒருக்களித்துப் படுப்பதா? சிக்கல் இல்லாத பிரசவத்தில் தாய் தமக்கு இசைந்த நிலையைத் தேர்ந்துகொள்ளலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரை.

4. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் புகட்டுவது. சேனை வைக்க வேண்டாம் என்பதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

திட்டம் மாறவும் கூடும். இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தம், குழந்தையின் இதயத்துடிப்பில் தளர்ச்சி ஆகியவை நேர்ந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அது தாயின் தோல்வியன்று. அப்போதும் "ஏன்?" என்று கேளுங்கள், விளக்குவது எங்கள் கடமை. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது இத்தாளை எழுதி எடுத்து வாருங்கள்.