நாரி நோவென்று படுத்துவிடலாமா?

வன்னியில் அறுபது வயதைக் கடந்த கமக்காரரிடம் சுகம் விசாரித்தால், "நாரிதான் விடுகுதில்லை" என்ற பதிலே அநேகமாக வரும். அந்த நாரி பட்ட பாடு கொஞ்சமல்ல. மூடை சுமந்தது, 2008, 2009ஆம் ஆண்டுகளில் பொதிகளையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஊரூராக நடந்தது, பதுங்குகுழி வெட்டியது, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளின் கீழ் வெறுந்தரையில் கிடந்தது. அம்முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஊர் திரும்பியோரின் பற்றை மூடிய காணிகளை வெட்டித் துப்புரவாக்கியதும் அதே நாரிதான். 2009இல் 45 வயதாக இருந்தவர் இன்று 60ஐத் தாண்டிவிட்டார்.

நாரி நோவந்தால் படுத்துக் கிடக்க வேண்டும் என்றே பலர் எண்ணுகிறோம். இது சரியா என்று பார்ப்போம்.

1. நாரிக்குள் இருப்பது என்ன?

நாரிப் பகுதியில் ஐந்து பெரிய முள்ளந்தண்டு என்புகள் உள்ளன. என்புகளுக்கிடையே மெத்தைபோல இருப்பதே டிஸ்க் எனப்படும் தட்டு. அதன் வெளிப்புறம் ரயர் போன்ற உறுதியான நார் வளையம். உட்புறம் நுங்கு போன்ற வழுவழுப்பான பொருள். வளர்ந்தவர்களின் தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் அநேகமாக இல்லை. அருகிலுள்ள என்பிலிருந்து ஊறி வருவதே அதன் உணவு. நாம் நடந்து அசையும்போது இந்த ஊறல் நன்றாக நடைபெறும்.

வயது போகத் தட்டின் நீர்த்தன்மை குறையும். இது தலை நரைப்பதைப் போன்றது. படத்தில் "டிஸ்க் தேய்ந்துள்ளது" என்று தெரிந்தும் நோவே இல்லாத முதியவர்கள் பலர்.

தட்டின் உட்பொருள் பிதுங்கி நரம்பை அழுத்தினால், நோ பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழேயும் இறங்கும். பெரும்பாலானோருக்கு இது 6 முதல் 12 கிழமைகளில் சத்திரசிகிச்சையின்றியே தணியும். முதியவர்கள் சிலருக்கு நரம்பு செல்லும் வழி ஒடுங்கிவிடும். அவர்களுக்கு நடக்கும்போது கால் உளையும். இருந்தால் அல்லது முன்னால் சாய்ந்தால் மாறும். சிறிது தூரம் நடக்க முடியாதவர் சைக்கிளில் நெடுந்தூரம் போவது இதனாலேயே.

2. துலா தரும் பாடம்

துலாவின் நீண்ட பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். கட்டைப் பக்கத்திலோ பெரும் பாரம் கட்டவேண்டும். நம் உடலும் அப்படியே. கையை நீட்டிக் குனிந்து தூக்கும்போது, நாரித் தசைகள் அப்பாரத்தைப்போலப் பல மடங்கு இழுக்க நேரிடும். ஆகவே,

• பாரத்தை வயிற்றோடு அணைத்து, முழங்காலை மடித்துத் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருகாமல், பாதங்களை மாற்றித் திரும்புங்கள்.
• 50 கிலோ உரப்பையை இருவர் தூக்குங்கள், அல்லது பிரித்துச் சுமவுங்கள்.
• 16 லீற்றர் மருந்துத் தெளிகருவியைப் பாதியளவு நிரப்புங்கள். அதைத் திட்டியில் வைத்து முதுகில் மாட்டுங்கள்.
• மண்வெட்டிப் பிடியை உங்கள் உயரத்துக்கு ஏற்ப நீளமாக்குங்கள்.
• களை பிடுங்கும்போது அரை மணிக்கொரு தடவை நிமிர்ந்து சிறிது நடவுங்கள்.

3. நோ வந்தபின்

கடும் நோவென்றால் ஓரிரு நாள் ஓய்வு போதும். அதற்குமேல் படுத்தால் தசைகள் தளரும். வீட்டு முற்றத்தில் நடக்கத் தொடங்கி, நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியும், நாட்பட்ட நாரி நோவுக்கு உடற்பயிற்சியையே பரிந்துரைக்கிறது. நாரிப்பட்டி கட்டுவதையும் இழுவைச் சிகிச்சையையும் அது பரிந்துரைக்கவில்லை.

மருந்துக் கடையில் நோக்குளிசை வாங்கி நாட்கணக்கில் விழுங்காதீர்கள். டைக்குளோபினாக், இபுபுரூபன் போன்றவை முதியவர்களின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். வவுனியாவில் சிறுநீரக நோயாளர் பலர் இருப்பதை நாம் அறிவோம்.

4. உடனே வைத்தியசாலைக்கு

• சிறுநீர் கழிக்க முடியாமை, அல்லது மலசலம் அறியாமல் போதல்
• மலவாசலைச் சுற்றி உணர்வின்மை
• கால்கள் பலமிழத்தல்
• காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், இரவிலும் தணியாத நோ
• சறுக்கி விழுந்தபின் வந்த கடும் நோ

முதல் மூன்றில் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் அன்றைக்கே போகவேண்டும். தாமதித்தால் நிரந்தரமாக நடக்க முடியாமற் போகலாம்.

5. உடலில் செல் துண்டு உள்ளவர்கள்

எம்.ஆர்.ஐ. படம் வலிமையான காந்தத்தால் எடுக்கப்படுவது. உடலிலுள்ள இரும்புத் துண்டு அதனால் அசைந்து ஊறு செய்யலாம். எனவே, காயம் ஆறிப் பல வருடங்கள் ஆனாலும், படமெடுக்க முன்னர் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கேட்பார்களென்று காத்திருக்க வேண்டாம். சொல்வதற்கு அஞ்சவும் வேண்டாம். எக்ஸ்றேயில் பார்த்து அவர்கள் முடிவெடுப்பார்கள்.

கலந்துரையாடுவதற்கு

1. நமது வீட்டில் அதிக பாரம் தூக்குபவர் யார்? அதை எப்படிப் பங்கிடலாம்?
2. நமது கிராமத்தில் நாரி நோவால் படுத்தே இருப்பவர்கள் உள்ளனரா? அவர்களை நடக்க வைக்க நாம் என்ன செய்யலாம்?
3. இரவில் ஒருவருக்கு ஆபத்தான அறிகுறி தோன்றினால், வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல யாருடைய வாகனம் கிடைக்கும்?