சங்கில் ஆணும் பெண்ணும்

சங்கை அறியாத தமிழர் இல்லை. குழந்தைக்குப் பால் புகட்டுவதும் சங்கு. வங்காளப் பெண்களின் வெள்ளை வளையலும் சங்கு. ஆனால் இச்சங்கு ஓர் உயிரினத்தின் வீடு என்பதை நாம் நினைப்பதில்லை. மன்னார் வளைகுடாவில் மணற்பாங்கான கடலடியில் வாழும் ஒருவகை நத்தையே அந்த உயிரினம்.

தடித்து முண்டும் முடிச்சுமாக இருப்பது ஆண் சங்கு என்றும், மெல்லியதாய் வழவழப்பாய் இருப்பது பெண் சங்கு என்றும் சிலர் சொல்வர். விலங்கியல் இதனை ஏற்பதில்லை. வலம்புரி, இடம்புரி என்பதும் ஓடு சுழலும் திசையே அன்றி ஆண், பெண் வேறுபாடு அன்று. நம் ஆரணிக்குப் பட்டு தரும் பூச்சியில் பெண்ணின் பருத்த வயிற்றைக் கண்டே அதனை அடையாளம் காணலாம். சங்கிலோ உள்ளிருக்கும் உடலைப் பார்த்தால்தான் தெரியும்.

மழைக்காலத்தில் தோட்டத்துக்கு வரும் நத்தை ஒன்றே ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கும். கடற்சங்கு அப்படியன்று, அதில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் சங்கின் தலையில், வலப்புற உணர்கொம்பின் பின்னால் இனப்பெருக்க உறுப்பு ஒன்று நீண்டிருக்கும். பெண்ணுக்கு அது இல்லை. அதற்குப் பதிலாக, முட்டைக்கு ஊட்டம் சேர்க்கும் சுரப்பியும், முட்டையைச் சுற்றி உறை செய்யும் சுரப்பியும் உள்ளன. கருவுறுதல் பெண்ணின் உடலுக்குள்ளேயே நிகழ்கிறது. பின்னர் பெண் சங்கு, ஆட்டுக்கொம்பு போல் முறுக்கிய முட்டைக் கூட்டினை மணலில் ஊன்றி வைக்கிறது. அதன் அறைகளிலிருந்து குட்டிச் சங்குகள் ஓட்டுடனேயே ஊர்ந்து வெளிவருகின்றன. 1914-ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் மீன்துறை அறிஞர் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூல் எழுதினார்.

இவ்வேறுபாட்டை அறிவதால் என்ன பயன் என்று தோழியர் கேட்கலாம். 1970-இல் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரையில், பெண் நத்தைகளின் தலையில் ஆண் உறுப்பு போன்ற ஒன்று முளைத்திருப்பதைக் கண்டனர். கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கப் பூசிய பெயின்ட்டில் கலந்திருந்த டிரைபியூட்டைல் டின் என்னும் நஞ்சே காரணம் என்பது பின்னர் தெரிந்தது. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே போதும், தீங்கு விளையும். நோய் முற்றினால் முட்டை வெளிவரும் வழி அடைபடும். பெண் நத்தை மடியும். அவ்வினமே அவ்விடத்தில் அழியும். நம் நாட்டில் கோவாவின் மர்மகோவா துறைமுகத்து நத்தைகளிலும் இக்குறை காணப்பட்டது.

ஆணையும் பெண்ணையும் பிரித்தறிந்து எண்ணியவர்கள் இருந்ததால்தான் கடல் நஞ்சானது உலகுக்குத் தெரிந்தது. கப்பல்களில் இந்த நஞ்சைப் பூசுவதைத் தடுக்கும் உலக ஒப்பந்தம் 2001-இல் உருவாகி, 2008 செப்டம்பர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பல கரைகளில் நத்தைகள் மீண்டும் பெருகின.

சின்னஞ்சிறு நத்தையின் உடலைக் கூர்ந்து நோக்கிய கண்களே பெருங்கடலின் நோயைக் கண்டறிந்தன. ஆதலால் விலங்கியல் பாடத்தில் படம் வரைந்து பாகம் குறிப்பதை வீண் வேலை என்று எண்ணாதிருப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி