மாலைதீவுப் பயணமும் கைப்பணமும்

கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேர விமானப் பயணத்தில் மாலைதீவை அடைந்துவிடலாம். வியாபாரத்துக்காகவும் குடும்பத்துடன் விடுமுறைக்காகவும் எம்மவர் அங்கு சென்று வருகின்றனர். ஆனால், போட்ட கணக்குக்குள் செலவை முடித்துத் திரும்புவோர் சிலரே. காரணம் என்ன?

முதலாவது, விளம்பரத்தில் காணும் வாடகை முழு வாடகையல்ல. உதாரணமாக, மக்கள் வாழும் தீவொன்றிலுள்ள சிறிய விருந்தினர் விடுதியில் இருவருக்கான அறை ஓர் இரவுக்கு 50 டொலர் எனக் கொள்வோம். 10 வீத சேவைக் கட்டணம் சேர்ந்தால் 55 டொலர். அதன்மீது 17 வீத சுற்றுலா வரி 9.35 டொலர். 2025 ஜனவரி முதல் இத்தகைய சிறு விடுதிகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டொலர் பசுமை வரியும் உண்டு, இருவருக்கு 12. மொத்தம் 76.35 டொலர். எனவே, "வரிகள் அனைத்தும் உட்பட எவ்வளவு?" என்று முன்பதிவுக்கு முன்னரே கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள்.

இரண்டாவது, நாணயமாற்று. 2011 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட உச்ச வரம்பான 15.42 ரூபியாவை ஒட்டியே வங்கிகள் ஒரு டொலரை மாற்றுகின்றன. டொலரை ரூபியாவாக்குவது எளிது. ரூபியாவை மீண்டும் டொலராக்குவது கடினம். அங்கு டொலர் தட்டுப்பாடு நிலவுவதே இதற்குக் காரணம். மாலைதீவுக்கு வெளியே ரூபியாவை மாற்றுவதும் அரிது. ஆகவே ஓரிரு நாள் செலவுக்குப் போதுமானதை மட்டும் மாற்றுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தெருவில் கூடுதல் வீதம் தருவதாகக் கூறுவோரிடம் போகாதீர்கள். அனுமதியின்றிப் பணம் மாற்றுவது சட்டவிரோதம்.

மூன்றாவது, கடையில் விலை எந்த நாணயத்தில் எனப் பாருங்கள். 300 ரூபியாப் பொருளுக்கு டொலர் கொடுக்கும்போது கடைக்காரர் டொலருக்கு 15 ரூபியா எனக் கணக்கிட்டால் 20 டொலர், 15.42 எனில் 19.46 டொலர். ரூபியா விலைக்கு ரூபியாவே கொடுப்பது இலாபம்.

நான்காவது, கடனட்டை. "இலங்கை ரூபாவில் அறவிடவா?" என இயந்திரம் கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த மாற்று வீதத்தில் அவர்களது இலாபமும் சேர்ந்திருக்கும்.

இறுதியாக, அங்கு வெள்ளியும் சனியும் வார விடுமுறை. சிறு தீவுகள் எல்லாவற்றிலும் தன்னியக்கப் பணப்பொறி இருக்கும் என நம்பிச் செல்லாதீர்கள். வியாழக்கிழமைக்குள் கைப்பணத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பயணப்பையைக் கட்டுமுன் கணக்கைக் கட்டுங்கள். திரும்பி வந்தபின் கடன்காரராக நிற்க வேண்டியிராது.