தொடுதிரையில் காசு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடம் இணையத்துக்கு மாறியபோது பலாங்கொடை, காவத்தை, இறக்குவானை, பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் கடன்பட்டாவது ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிய குடும்பங்கள் பல. பாடசாலைகள் திறந்தன, போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. இன்று லயத்து வாசலில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, பெரும்பாலும் முன்பள்ளிக்குப் போகிற கடைக்குட்டி. காசு எண்ணும் விளையாட்டு, கடை விளையாட்டு, உண்டியல் நிரப்பும் விளையாட்டு எல்லாம் அதில் இறங்கியிருக்கின்றன. அவற்றைப் பற்றித் தாய் தகப்பனும் ஆசிரியர்களும் நம்புகிறவற்றில் சில சரி, சில தவறு. தவறானவை பிள்ளையின் நேரத்தை வீணாக்குவதால் அவற்றைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: எந்தக் காசு விளையாட்டானாலும் பிள்ளை அதில் காசைப் படித்துக்கொள்ளும்.

இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகளில் ஏராளமானவை அமெரிக்க நாணயங்களைக் கொண்டு செய்யப்பட்டவை. அமெரிக்கப் பிள்ளை அன்றாடம் கையாளும் காசுகளில் மதிப்பு இலக்கமாக இல்லை, எழுத்தாகவே இருக்கிறது. போதாததற்கு அங்கே 10 சென்ட் காசு 5 சென்ட் காசைவிடச் சிறியது. அதனால் எந்த முகம் எந்தக் காசு என்று மனப்பாடம் செய்வதே அந்தப் பிள்ளைக்கு முதல் வேலையாகிறது. விளையாட்டுகளும் அதற்கே நிறைய இடம் ஒதுக்குகின்றன. நமது காசில் 1, 2, 5, 10, 20 என்று இலக்கம் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. ‘ரூபாய்’ என்பதும் ‘இலங்கை’ என்பதும் தமிழிலேயே இருக்கின்றன. நம் பிள்ளைக்குத் தேவையில்லாத ஒன்றை அந்த விளையாட்டு மணிக்கணக்கில் பழக்குகிறது.

நமக்குள்ள சிக்கல் வேறு. பழைய 5 ரூபாய் பொன்னிறம். 2017 முதல் வருகிற 5 ரூபாய் வெள்ளி நிறம், அளவும் சிறியது. 20 ரூபாய் மறுபடியும் பொன்னிறம். 10 ரூபாயிலோ வழக்கமான காசோடு, 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக மத்திய வங்கி வெளியிட்ட வரிசையும் உண்டு; இரத்தினபுரிக்கும் அதில் ஒரு காசு இருக்கிறது. நிறத்தையும் படத்தையும் நம்பிப் பழகிய பிள்ளை இங்கே தடுமாறும். “கலரைப் பாக்காத மகன், நம்பரைப் பாரு” என்று ஒரு தாய் சொல்வதை எந்த வெளிநாட்டு விளையாட்டும் சொல்லித் தராது.

விளையாட்டு வேண்டுமென்றால் இந்திய ரூபாயில் செய்யப்பட்டதைத் தேடுங்கள். இந்தியாவிலும் புழக்கத்தில் இருப்பவை 1, 2, 5, 10, 20 ரூபாய்க் காசுகள்தாம். முகம் வேறானாலும் கூட்டல் ஒன்றே. அதையும்விட நல்லது, உங்கள் போனிலேயே நீங்கள் செய்யக்கூடியது. நாலைந்து காசை ஒரு சுளகில் போட்டுப் படம் எடுங்கள். படத்தின் மேல் விரலால் கோடு போடும் வசதி பெரும்பாலான போன்களில் இருக்கிறது. “பத்து ரூவா வர்ற மாதிரி வட்டம் போடு” என்று கொடுங்கள். அடுத்த படத்தில் பழைய 5 ரூபாயையும் புதிய 5 ரூபாயையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டேட்டா செலவில்லை, விளம்பரமும் குறுக்கே வராது.

நம்பிக்கை: நூறு வரை எண்ணத் தெரிந்த பிள்ளைக்குக் காசும் எண்ணத் தெரியும்.

இந்தத் தவறு ஆசிரியர்களிடமும் இருக்கிறது. ரொக்கேல் கெல்மனும் ராண்டி கலிஸ்டலும் 1978இல் வெளியிட்ட நூலில் சிறு பிள்ளையின் எண்ணலுக்கு அடிப்படையான விதிகளை விளக்கினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண் என்பது அவற்றில் முதலாவது. கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்பது இன்னொன்று. கொட்டைப்பாக்கையும் புளியங்கொட்டையையும் எண்ணி இந்த விதிகளைப் பிள்ளை பிடித்துக்கொள்கிறது. காசுக்கு வந்ததும் அந்த முதல் விதியே உடைகிறது. மேசையில் 10, 5, 2 என்று மூன்று காசு. விதிப்படி எண்ணினால் “மூணு”. நாம் எதிர்பார்ப்பதோ பதினேழு. பிள்ளை சொன்னது முட்டாள்தனமான பதில் அல்ல. நேற்றுவரை நாமே சரியென்று தட்டிக்கொடுத்த பதில். இதற்குத் திட்டு வாங்கிய பிள்ளை கணக்கையே வெறுக்கத் தொடங்குவதில் வியப்பில்லை.

இந்தப் பாலத்தைக் கடக்க வைப்பது திரை அல்ல, கை. ஐந்து ஒற்றை ரூபாயைக் குவித்துவைத்து, பக்கத்தில் ஒரு 5 ரூபாயை வையுங்கள். மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் நாள் பிள்ளை மறுக்கும். ஐந்தைக் கொடுத்து ஒன்றை வாங்குவது அதற்கு நட்டமாகவே தெரியும். அந்த மறுப்பு தீரும்வரை மாற்றி மாற்றி விளையாட வேண்டும். ஒற்றை ரூபாய் கிடைக்காவிட்டால் புளியங்கொட்டையை ஒரு ரூபாயென்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தது ஐந்தைந்தாக, பத்துப்பத்தாக எண்ணுவது. பத்து ரூபாய்க் காசு மூன்றும் ஒற்றை நான்கும் முப்பத்து நான்கு என்று கையில் கண்ட பிள்ளைக்கு, பாடசாலையில் பத்தின் இடம், ஒன்றின் இடம் என்று சொல்லும்போது அது புதிதாக இருக்காது. இவ்வளவும் முடிந்த பிறகு போன் உதவும். ஒரே கணக்கை இருபது தடவை சலிக்காமல் கேட்கும். பிழை விட்டால் முகம் சுளிக்காது.

நம்பிக்கை: போனைத் தொட்டாலே பிள்ளை கெட்டுவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டலின்படி இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம்; இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படாமல், குறைந்தால் இன்னும் நல்லது. காசு விளையாட்டுக்குப் பத்து நிமிடம் போதும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

நம்பிக்கை: காசு அச்சு அசலாக இருந்தால்தான் கணக்கு வரும்.

அமெரிக்க ஆய்வாளர் நிக்கோல் மெக்நீலும் உடனிருந்தோரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், காசுக் கணக்குப் போடும்போது அசலைப் போன்ற நோட்டும் காசும் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் அவை கொடுக்கப்படாத பிள்ளைகளைவிட அதிகப் பிழை விட்டார்கள். படமும் பளபளப்பும் கவனத்தை இழுத்துவிடுகின்றன. ஆனால் கணக்கே புரியாமல் விடுகிற வகைப் பிழை அவர்களிடம் குறைவாக இருந்தது. எனவே விளங்கவைக்க அசல் காசு; கூட்டிப் பழக, கரித்துண்டால் 10 என்று எழுதிய வெறும் வட்டம். மின்னுகிற, குதிக்கிற, பாட்டுப் பாடுகிற காசு இந்த இரண்டு வேலைக்கும் உதவாது.

நம்பிக்கை: தோட்டத்துப் பிள்ளைக்குக் கணக்கு வராது.

இதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தன் கிலோவை மனதுக்குள் கூட்டிப் பார்த்து, குறைத்து எழுதினால் அங்கேயே கேட்கிற தாய்க்குக் கணக்கு வராதா? அரைநாள் சம்பளமாக ‘அரைப்பேர்’ போட்டால் எவ்வளவு வெட்டு, நாட்சம்பளத்தில் பிடிப்பு எல்லாம் போக மிச்சமென்ன என்று சொல்லுகிறவருக்கு?

பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை டெரெசின்யா கரஹெர் குழுவினர் ஆராய்ந்து 1985இல் எழுதினார்கள். தெருவில் கேட்ட கணக்குகளில் அவர்கள் 98 சதவீதத்துக்குச் சரியான விடை சொன்னார்கள். அதே வகைக் கணக்குகளைக் கதை எதுவுமில்லாமல் வெறும் எண்களாகக் கொடுத்தபோது அது 37 சதவீதத்துக்கு இறங்கியது. தேங்காய் ஒன்று 35 குருசேரோ என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு? இப்படிக் கேட்கப்பட்ட ஒரு பையன் சைபர் சேர்க்கும் பாடசாலை வழியைத் தொடவில்லை. மூன்று 105, ஆறு 210, ஒன்பது 315, இன்னொன்று, 350 என்று வந்து சேர்ந்தான். 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளிலும் இதையே கண்டது. அதோடு மறுபக்கத்தையும் காட்டியது: பாடசாலைக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஒன்றைக் கற்றால் மற்றது தானாக வந்துவிடாது. கடையில் எண்ணியதைக் கொப்பியிலும், கொப்பியில் எழுதியதைக் கடையிலும் காட்ட ஒருவர் வேண்டும்.

தோட்டத்தில் எண்ணத் தெரிவது வெறும் பாடமாக என்றும் இருந்ததில்லை. ஆட்களையும் அவர்கள் பேரிலிருந்த கடனையும் தோட்டம் விட்டுத் தோட்டம் கொண்டுபோன ‘துண்டு’ முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தன் பேரில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாததால் ஒரு தலைமுறை பட்ட பாடு அது.

நம்பிக்கை: தமிழில் எண்ணும்போது சிங்களமும் வந்தால் பிள்ளை குழம்பிவிடும்.

நுவரெலியாவைப் போலன்றி, சப்ரகமுவத் தோட்டங்களைச் சுற்றிச் சிங்களக் கிராமங்களே இருக்கின்றன. கடையில் முதலாளி “தஹய்” என்பார், பிள்ளை பத்து ரூபாயை நீட்டும். வீட்டு மொழியில் எண்ணம் பதிந்துவிட்டால் இன்னொரு பெயர் ஏற்றுவது சிரமமில்லை. மிச்சம் வாங்கவும் கணக்கோடு சிங்களமும் வேண்டும். 35 ரூபாய்ச் சாமானுக்கு 50 கொடுத்தால் 35இலிருந்து 40, 40இலிருந்து 50 என்று மேல்நோக்கி எண்ணி, ஒரு ஐந்தும் ஒரு பத்தும் வரவேண்டுமென்று பிள்ளைக்குத் தெரியட்டும். சில்லறைக்குப் பதில் டொஃபி நீட்டினால், “இத்துரு சல்லி தென்ன” (மிச்சக் காசைத் தாருங்கள்) என்று கேட்கவும் தெரியட்டும். திரை விளையாட்டுகள் பலவும் சரியான தொகையைப் போட்டவுடன் கைதட்டி முடித்துவிடுகின்றன. மிச்சம் எண்ணுவதை வீட்டில் கடை போட்டுத்தான் பழக்க வேண்டும்.

நம்பிக்கை: பிள்ளை காசை விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுத்தால் போதும்.

கையில் காசு கொடுக்கச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. வயிற்றுக்குள் இறங்கிவிட்ட காசு பெரும்பாலும் தானாகவே வெளியேறும். பழத்துக்கு அதில் பங்கில்லை. உணவுக்குழாயில் சிக்கிய காசின் மேல் பழத்தையோ சோற்றையோ அடைத்தால் ஆபத்து கூடும். எச்சில் வடிதல், விழுங்க முடியாமை, இருமல், மூச்சுத் திணறல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. விளையாட்டுச் சாமான்களிலும் ரிமோட்டிலும் உள்ள வட்டமான பொத்தான் பற்றரி காசைப் போலவே இருக்கும்; உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே அதைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருக்கும் வீட்டில் விளையாட்டு முடிந்ததும் காசை எண்ணித் திரும்ப டப்பாவில் போடுங்கள். எண்ணுகிற வேலையைப் பெரிய பிள்ளையிடமே கொடுக்கலாம். தோட்டத்திலிருந்து போக வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.