அண்டத்தின் தோற்றமும் ஆண்டவன் பற்றிய கேள்வியும்



"இந்த உலகத்தை யார் படைத்தார்?" என்று ஐந்து வயதுப் பிள்ளை கேட்டால், "கடவுள் படைத்தார்" என்று சொல்லிவிடுகிறோம். அதே பிள்ளை பதினான்கு வயதிற் பாடசாலையால் வந்து, "உலகம் பெருவெடிப்பிலிருந்து வந்ததாம். அப்படியானால் நாம் ஏன் கோயிலுக்குப் போகிறோம்?" என்று கேட்கும்போது நம்மிற் பலருக்கு விடை வருவதில்லை. சிலர் கோபிக்கிறோம். வேறு சிலர், "இதையெல்லாம் நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று கூறிப் பேச்சை முடித்துவிடுகிறோம். கோபம் பிள்ளையைக் கோயிலிலிருந்து விலக்கும். அவசரமாகப் பேசிய பெருமையோ, அது பொருந்தாது என்று பிள்ளை கண்டுகொள்ளும் நாளில், நம் மொழியிலும் நூல்களிலும் உள்ள மதிப்பையே குறைத்துவிடும். ஆகவே இக்கேள்வியை ஒரு பாடமாகக் கொண்டு ஆறுதலாக ஆராய்வோம்.

1. அறிவியல் கூறுவது யாது?

நமது சூரியன், பால்வீதி என்னும் விண்மீன் கூட்டத்தில் உள்ள பல்லாயிரங் கோடி விண்மீன்களுள் ஒன்று. பால்வீதியைப் போன்ற கூட்டங்களும் எண்ணிறந்தவை. இக்கூட்டங்கள் பொதுவாக ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்கின்றன. தொலைவில் உள்ளவை கூடிய வேகத்துடன் விலகுகின்றன. ஊதப்படும் பலூனின் மேல் மையினால் இட்ட புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். புள்ளிகள் தாமாக நடப்பதில்லை. அவற்றுக்கு இடையில் உள்ள இறப்பர் விரிகிறது. அண்டவெளியும் அவ்வாறே விரிகிறது.

விரியும் ஒன்றைக் காலத்தாற் பின்னோக்கிக் கணித்தால், முன்னொரு காலத்தில் யாவும் மிக நெருங்கி, மிகுந்த அடர்த்தியும் வெப்பமும் உடையனவாய் இருந்திருத்தல் வேண்டும். அந்நிலையிலிருந்து ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளாக அண்டம் விரிந்தும் குளிர்ந்தும் வருகிறது என்பதே பெருவெடிப்புக் கொள்கை. வெடிப்பு என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது குண்டுவெடிப்பு. இது அத்தகையதன்று. குண்டு ஓரிடத்தில் வெடித்து, ஏலவே உள்ள வெளியிற் சிதறுகிறது. இங்கோ விரிந்தது அவ்வெளிதான். அதற்குப் புறம்பாக நின்று பார்ப்பதற்கு ஓரிடம் இல்லை.

இக்கொள்கைக்கு மூன்று பெரிய சான்றுகள் உள. முதலாவது, மேலே கூறிய விலகல். இரண்டாவது, அண்டத்தின் சாதாரணப் பொருளில் நிறைப்படி ஏறத்தாழ முக்காற்பங்கு ஐதரசனாகவும் காற்பங்கு ஈலியமாகவும் இருத்தல். தொடக்க வெப்பநிலையிற் சில நிமிடங்களில் எவ்வளவு ஈலியம் உருவாகியிருக்கும் என்று கணித்தால் இந்த அளவே கிடைக்கிறது. மூன்றாவது, வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் மெல்லிய நுண்ணலைக் கதிர்வீச்சு. அது ஆதி வெப்பத்தின் எச்சம். விரிந்து விரிந்து குளிர்ந்து, இன்று பூச்சியத்துக்குக் கீழே 270 பாகை செல்சியஸ் அளவில் உள்ளது.

2. ஒரு குருவானவரும் ஒரு நாத்திகரும்

மதமும் அறிவியலும் ஜென்மப் பகைவர் என்று எண்ணுவோர் இக்கொள்கையின் வரலாற்றை அறிதல் நன்று. அண்டத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்னும் கருத்தை நவீன பௌதிகத்தில் முன்வைத்தவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த அவரின் பெயர் ஜோர்ஜ் லெமேத்ர். முதலாம் உலகப் போரிற் போர்வீரராயிருந்து, 1923இல் குருப்பட்டம் பெற்று, லூவேன் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர். ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்புக் கொள்கையைக் கொண்டு, அண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதினார். கணிதம் சரி, ஆயினும் பௌதிகம் ஏற்கத்தக்கதன்று என்பதே அப்போது ஐன்ஸ்ரைனின் தீர்ப்பு. 1929இல் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிள் வெளியிட்ட அளவீடுகள் விரிவை வலுப்படுத்தின. 1931இல் லெமேத்ர் ஒருபடி மேலே சென்று, யாவும் ஓர் 'ஆதி அணு'விலிருந்து தோன்றியிருக்கலாம் என்றார்.

இதனை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் ஆங்கில வானியலாளர் பிரெட் ஹொயில். மத நம்பிக்கையற்ற அவருக்கு, தொடக்கம் என்ற பேச்சில் மதத்தின் மணம் வீசியது. 1948இல் அவரும் பொண்டி, கோல்ட் என்னும் இருவரும், அண்டம் தொடக்கமோ முடிவோ அற்றது, விரியும் இடத்திற் புதுப்பொருள் சிறிது சிறிதாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது என்னும் மாறாநிலைக் கொள்கையை வகுத்தனர். 'பெருவெடிப்பு' என்னும் பெயரையும் 1949இல் பி.பி.சி. வானொலி உரையொன்றில் இட்டவர் ஹொயிலே. எதிரி இட்ட பெயரே நிலைத்துவிட்டது.

குருவானவர் வென்றாரா, நாத்திகர் வென்றாரா என்பதைப் பிரசங்கமும் தீர்க்கவில்லை, பட்டிமன்றமும் தீர்க்கவில்லை. 1964இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்னும் இரு ஆய்வாளர், தம் வானலைக் கருவியில் ஓர் ஓயாத இரைச்சலைக் கண்டனர். கருவிக்குள் கூடு கட்டிய புறாக்களின் எச்சத்தையும் துடைத்துப் பார்த்தனர். இரைச்சல் நிற்கவில்லை. அதுவே நாம் மேலே கூறிய ஆதி வெப்பத்தின் எச்சம் என்பது 1965இல் வெளியாயிற்று. மாறாநிலைக் கொள்கை தளர்ந்தது. 1966இல் மறைந்த லெமேத்ர், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் இச்செய்தியைக் கேட்டறிந்தார்.

ஹொயிலைத் தோற்றவர் என்று தள்ளிவிடுதல் தகாது. காபன், ஒட்சிசன், இரும்பு முதலியன விண்மீன்களின் வயிற்றில் உருவாகின என்று 1957இல் விளக்கிய நால்வருள் அவரும் ஒருவர். நம் குருதியில் ஓடும் இரும்பின் பிறப்பிடத்தை நமக்குச் சொன்னவர் அவர். காபன் உருவாகும் நுட்பத்தை எண்ணி, இயற்கையின் பின்னால் ஏதோ ஓர் அறிவு இருக்கலாம் என்று பிற்காலத்தில் அவரே எழுதியதும் கவனிக்கத்தக்கது.

3. பாப்பரசருக்கு எழுந்த ஆசை

1951 நவம்பரில் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், புதிய வானியல் கண்ட தொடக்கம் படைத்தவன் ஒருவன் உளன் என்பதற்குத் துணைநிற்கிறது என்னும் கருத்துப்பட உரையாற்றினார். குருவானவராகிய லெமேத்ர் மகிழ்ந்திருப்பார் என்றே நாம் எண்ணுவோம். அவர் மகிழவில்லை. தம் கொள்கை நாளை திருத்தப்படலாம் என்பதை அவர் அறிவார். திருத்தப்படக்கூடிய ஒன்றின் மேல் இறைநம்பிக்கையை ஏற்றிவைத்தால், கொள்கை சரியும்போது நம்பிக்கையும் சேர்ந்து சரியும். அடுத்த ஆண்டு உரோமிற் கூடிய வானியலாளரிடையே பாப்பரசர் பேசியபோது அவ்வாதத்தை எடுக்கவில்லை. தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் புறம்பானது, கடவுளை மறுப்பவருக்கும் அது இடமளிக்கிறது என்று லெமேத்ர் 1958இற் கூறினார். ஒரு துறவி தம் சொந்தக் கண்டுபிடிப்பைத் தம் சமயத்துக்குச் சாட்சியாக நிறுத்த மறுத்தார் என்பதே இவ்வரலாற்றில் நாம் கற்கவேண்டிய பாடம்.

பாப்பரசருக்கு எழுந்த ஆசை நமக்கும் எழுவதுண்டு. திருவாசகத்தின் திருவண்டப் பகுதியில் மாணிக்கவாசகர் அண்டங்களின் எண்ணற்ற பெருக்கத்தையும் விரிவையும் பாடுகிறார். பரிபாடலிலும் வானிலிருந்து காற்றும், தீயும், நீரும், நிலமும் முறையே தோன்றிய செய்தி வருகிறது. இவற்றை எடுத்துக்காட்டி, "பெருவெடிப்பை நாம் அன்றே அறிவோம்" என்று மேடைகளிற் பேசுவது வழக்கமாகிவிட்டது. மாணிக்கவாசகர் சொல்லவந்தது யாது? அத்தனை அண்டங்களும் இறைவன் முன் வீட்டுக்குள் விழும் வெயிற் கதிரிலே தெரியும் நுண்துகள் போன்றவை என்பதே. அது அளவீடு அன்று. பேரளவின் முன் நின்ற ஒரு பக்தனின் வியப்பு. அவ்வியப்பைப் பௌதிகச் சூத்திரமாக்கினால் பாட்டும் கெடும், பௌதிகமும் கெடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் மொழி இவ்வளவு பெரிதாக எண்ணியது என்ற பெருமையே நமக்குப் போதும்.

4. நம் மரபில் இவ்வாதம்

கடவுள் உண்டா என்று கேட்பது தமிழருக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி மாநகரிற் பல சமயத்தாரின் கொள்கைகளையும் மணிமேகலை கேட்கிறாள். அவர்களுள் ஒருவன் பூதவாதி. பூதங்களின் சேர்க்கையால் உணர்வு தோன்றும், காண்பது மட்டுமே மெய் என்பது அவன் கொள்கை. அவள் அவனை வைது துரத்தவில்லை. "உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி எவ்வாறு அறிவாய்?" என்னும் பொருள்பட ஒரு கேள்வி கேட்கிறாள். நல்ல மாணவர் கேட்கும் கேள்வி அது.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தில், தோன்றி நின்று அழியும் இயல்புடைய உலகுக்கு ஒரு கருத்தா வேண்டும் என வாதிக்கிறார். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்னும் உவமை நம் சைவப் பாடப் புத்தகத்திற் படித்ததே. இங்கு ஒரு நுட்பம் உண்டு. சைவசித்தாந்தத்தின்படி உலகம் வெறுமையிலிருந்து வந்ததன்று. என்றும் உள்ள மாயையிலிருந்து தோன்றி, ஒடுங்கி, மீண்டும் தோன்றுவது. ஆகவே 'ஒரே ஒரு தொடக்கம்' என்னும் கருத்துச் சைவருக்கு வெற்றியும் அன்று, தோல்வியும் அன்று.

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் முதலில் எடுத்துக்கொள்வது கடவுளை ஏற்காத உலகாயதர் கொள்கையையே. அதனை முதலில் அவர்கள் வாயாற் கூறவைத்து, பின்னரே மறுக்கிறார். எதிராளியின் கருத்தைச் சரியாக எடுத்துரைத்த பின்னரே அதனை மறுக்கலாம் என்பது நம் மரபு. உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரைச் சமணரும் ஏற்பதில்லை. ஆயினும் அவர்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டு அளப்பரியது. உலகம் முடிவுள்ளதா, முடிவற்றதா என்ற வினாவுக்குப் புத்தர் விடைகூற மறுத்தார். அம்பு தைத்தவன், எய்தவனின் குலம் கோத்திரம் அறிந்த பின்பே அம்பைப் பிடுங்குவேன் என்று இருத்தல் தகுமோ என்பது அவர் கேள்வி.

அண்மைக் காலத்திலும் இம்மரபு தொடர்ந்தது. தமிழகத்திற் பெரியார் ஈ.வெ.ரா., கடவுளின் பெயரால் மனிதரை மனிதர் தாழ்த்துவதைக் கண்டே கடவுளை மறுத்தார். இலங்கையில் ஆபிரகாம் கோவூர், ஒரு கிறிஸ்தவக் குருவின் மகனாகக் கேரளத்திற் பிறந்து, தாவரவியல் ஆசிரியராய் இருந்து, பேய் பிசாசு, சோதிடம், அற்புதங்கள் என்பவற்றைச் சோதித்துப் பார்க்கும்படி மக்களை அழைத்தார். இவர்களுடன் உடன்படாத பக்தரும், ஏமாற்றுக்காரரிடமிருந்து தம் சமயத்தைக் காத்துக்கொள்ள இவர்களாற் கற்றதுண்டு.

5. எல்லையில் நிற்கும் கேள்வி

முதற் சில நிமிடங்களில் நிகழ்ந்ததை அறிவியல் கணக்கிட்டுச் சொல்கிறது. முதற் கணத்தைப் பற்றிச் சொல்ல அதனிடம் உறுதியான கொள்கை இன்னும் இல்லை. ஈர்ப்பைப் பற்றிய கொள்கையும் அணுவின் உட்கூறுகளைப் பற்றிய கொள்கையும் அவ்விடத்தில் ஒன்றாகப் பொருந்தவில்லை. "பார்த்தீர்களா, அங்கேதான் கடவுள் இருக்கிறார்" என்று ஆத்திகர் பாய்தல் கூடாது. அறிவு வளரும்போது அந்த இடைவெளி மூடப்படலாம். இடைவெளியிற் குடியேற்றிய கடவுள் அன்றைக்கு வீடற்றவராவார். "எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டோம், கடவுளுக்கு வேலையில்லை" என்று நாத்திகர் முடிவுகட்டுதலும் அறிவியல் தந்த முடிவன்று. அது அவர்களின் தத்துவம்.

1948இல் பி.பி.சி. வானொலியில் பேட்ரண்ட் ரசல் என்னும் மெய்யியலாளரும் கொப்பிள்ஸ்ரன் என்னும் குருவானவரும் வாதிட்டனர். உலகம் உளதாவதற்குத் தன்னினும் வேறான காரணம் வேண்டும் என்றார் குருவானவர். உலகம் இருக்கிறது, அவ்வளவே என்றார் ரசல். இருவரும் ஒருவரையொருவர் இழித்துப் பேசவில்லை. 'எவ்வாறு' என்பதை அளந்து அறியலாம். 'ஏதும் இல்லாதிருத்தலை விட்டு ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது' என்பதை அளக்கும் கோலை இதுவரை எவரும் செய்யவில்லை. அங்கே ஒவ்வொருவரும் தாமே சிந்தித்துத் தம் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

6. நாம் செய்யத்தக்கது

மாணவர்களே! அறிவியலைச் சான்றுடன் கற்றுக்கொள்ளுங்கள். "ஆசிரியர் சொன்னார்" என்பது சான்றன்று. தேவாரத்தையும் பொருளுணர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். நாளை நீங்கள் நம்பாதவராகலாம். அப்போதும் அது உங்கள் மொழியின் செல்வமே. அறியாத ஒன்றை விட்டுவிலகுவது சிந்தனை ஆகாது.

பெற்றோர்களே! நம் ஊர்ப் பாடசாலைகளில், காலையிற் கோயிலுக்குச் சென்று திருநீறணிந்து வந்து, வகுப்பிலே டார்வினின் கூர்ப்புக் கொள்கையை ஒளிவுமறைவின்றிக் கற்பித்த ஆசிரியர்களை நாம் அறிவோம். அவர்களின் பக்தியும் குறையவில்லை, பாடமும் குறையவில்லை. பிள்ளை கேட்கும்போது, "எனக்கும் தெரியாது, இருவரும் தேடிப் படிப்போம்" என்று சொல்ல நாம் நாணவேண்டியதில்லை. வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்த நமக்கு, பிள்ளைகளோடு தமிழிற் பேசும் பேச்சே எஞ்சிய முதுசொம். கடவுளைப் பற்றிய கருத்து வேற்றுமையால் அப்பேச்சு அறுந்துபோக விடலாகாது. உண்டென்னும் பிள்ளையும் இல்லையென்னும் பிள்ளையும் ஒரே மேசையில் இருந்து தமிழில் வாதிடும் வீடே, சித்தியாரும் மணிமேகலையும் பிறந்த மரபுக்கு உரிய வீடு.

பயிற்சி வினாக்கள்

1. பெருவெடிப்புக் கொள்கைக்கான மூன்று சான்றுகளையும் உங்கள் சொந்த வசனங்களில் எழுதுக.

2. தம் கொள்கையைக் கடவுளுக்குச் சான்றாகக் காட்டுவதை லெமேத்ர் ஏன் விரும்பவில்லை?

3. குடமும் குயவனும் என்னும் உவமையை ஏற்பவராக ஐந்து வசனமும், மறுப்பவராக ஐந்து வசனமும் எழுதி, வீட்டிற் பெரியோருக்கு வாசித்துக் காட்டுக. அவர்கள் கூறும் விடையையும் எழுதி வருக.