உருசிய நாட்டுச் சிறு கர்மோன்: ஓர் இசைக்கருவி கற்பிக்கும் பாடம்

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பது எம்மவர் வழக்கு. இவ்வழக்குக்கு எடுத்துக்காட்டாக உருசிய நாட்டு இசைக்கருவி ஒன்றை இவ்விதழின் வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம். துருத்தியும் பொத்தான்களும் உடைய அக்கோடியன் என்னும் கருவியைப் பலரும் கண்டிருப்பர். அவ்வினத்தைச் சேர்ந்த உருசிய நாட்டுக் கருவிக்குக் கர்மோன் என்று பெயர். கர்மோன்களுள்ளும் மிகச் சிறியதாய், இரு கைகளுக்குள் அடங்கிவிடும் ஒன்றைச் ‘செரெப்பாஷ்கா’ என்பர். அச்சொல்லுக்குச் சிற்றாமை என்பது பொருள். வடபால் உள்ள செரெப்பொவெத்ஸ் என்னும் நகரின் பெயரோடும் அஃது ஒலியொப்புமை உடையது.

இதனைக் காண்போர் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் என்றே முதலில் எண்ணுவர். கேலிக்கூத்தர் மேடையில் பருத்த மனிதர் ஒருவர் இத்துணைச் சிறு பெட்டியை எடுத்து வாசிக்குங்கால், அந்த அளவு வேறுபாடே நகைப்பை விளைப்பதும் உண்டு. ஆயினும் இச்சிறு பெட்டியைத் திறந்து பார்ப்போமாயின், அதனுள் விளையாட்டு யாதும் இல்லை, கணக்கே உண்டு. எதனை விட்டுவிடலாம், எதனை விடவே இயலாது என்று கைவினைஞன் ஆய்ந்து தேர்ந்த கணக்கு அது. அக்கணக்கையே இக்கட்டுரையில் ஆராய்வாம்.

கருவியின் வரலாறு

கர்மோனின் உயிர் அதன் நாக்கிலே உள்ளது. மெல்லிய உலோகத் தகடு ஒன்றின் ஒரு நுனியைப் பிணைத்து மறுநுனியைக் கட்டின்றி விட்டால், காற்றுப் படும்போது அஃது அதிர்ந்து ஒலிக்கும். ஆர்மோனியக்காரர் ‘ரீட்’ என்று கூறுவது இதனையே. கட்டற்ற நாக்கினால் ஒலியெழுப்பும் முறை சீன தேசத்துச் செங் என்னும் வாய்க்கருவியிலே மிகப் பழங்காலந்தொட்டு வழங்கிற்று. ஐரோப்பாவிலே 1829ஆம் ஆண்டு வியன்னா நகரில் சிரில் தெமியான் என்பவர் துருத்தியும் நாக்கும் இணைந்த கருவி ஒன்றுக்கு அக்கோடியன் எனப் பெயரிட்டுக் காப்புரிமை பெற்றார்.

உருசிய நாட்டிலே இத்தொழில் வேரூன்றிய இடம் மொஸ்கோவுக்குத் தெற்கே உள்ள தூலா நகரம். 1712இல் மகா பீட்டர் மன்னர் நிறுவிய படைக்கலச்சாலையினால் புகழ்பெற்ற ஊர் அது. துப்பாக்கி செய்வோரும், சமோவார் என்னும் தேநீர்க் கொதிகலம் செய்வோரும் நிறைந்த அவ்வூரில் பித்தளையை அராவி இழைத்துப் பழகிய கைகளுக்குக் குறைவில்லை. 1830ஆம் ஆண்டளவில் இவான் சீசொவ் என்னும் துப்பாக்கித் தொழிலாளர் நிஷ்னி நொவ்கொரொட் சந்தையிலே அயல்நாட்டுக் கருவி ஒன்றை வாங்கி வந்து, அதனைப் பார்த்துத் தாமும் ஒன்று செய்தார் என்பது தூலா மக்கள் போற்றிவரும் செய்தி. அயலவர் வீட்டினரும் அவரைப் பின்பற்றினர். சில பத்தாண்டுகளில் அது குடிசைக் கைத்தொழிலாகப் பரவி நாடெங்கும் சென்றது.

நாக்கின் கணக்கு

இனி, கருவியைச் சிறிதாக்குவதில் உள்ள முதல் இடர்ப்பாட்டைக் காண்போம். பாடசாலையில் பௌதிகம் பயின்றோர் இதனை எளிதில் உணர்வர். ஒரு நாக்கு ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கின்றதோ அத்தொகையை அதன் மீடிறன் என்கின்றோம். மீடிறன் கூடினால் சுருதி உயரும். நாக்கின் மீடிறன் அதன் தடிப்புக்கு நேர்விகிதமாகவும், நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதமாகவும் அமையும். ஆகவே தடிப்பை மாற்றாது நீளத்தை மட்டும் பாதியாக்கினால் மீடிறன் நான்கு மடங்காகும். செக்கனுக்கு 440 முறை அதிர்ந்த நாக்கு 1760 முறை அதிரும். அஃதாவது சுரம் இரண்டு தாயி மேலே ஏறிவிடும்.

பழைய சுருதியே வேண்டுமாயின், பாதி நீளமுள்ள நாக்கைக் காற்பங்குத் தடிப்பாக இழைத்தல் வேண்டும். அல்லது அதன் நுனியிலே பாரம் ஏற்றுதல் வேண்டும். முன்னையதால் நாக்கு நலிந்துபோகும். பின்னையதால் அது விரைந்து பேசாது. ஆதலின் சிறு கர்மோன் தாழ்ந்த சுரங்களை விடுத்து, உயர்ந்த, கூரிய குரலைத் தன் இயல்பாகக் கொண்டது. பறவையின் குரல் போன்ற அவ்வொலி திறந்த வெளியிலும் தெளிவாகக் கேட்கும்.

சுருதி சேர்க்கும் நுட்பமும் இங்கே குறிக்கத்தக்கது. நாக்கின் நுனியைச் சுரண்டினால் பாரம் குறைந்து சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் விறைப்புக் குறைந்து சுருதி இறங்கும். நாக்குச் சிறுக்கச் சிறுக்க அரத்தின் ஒவ்வோர் இழைப்பும் பெரும் மாறுதலை உண்டாக்கும். எனவே சிறு கருவி செய்வோனுக்குப் பெரிய கருவி செய்வோனினும் மிகுந்த கைந்நிதானம் வேண்டும்.

ஒரு பொத்தான், இரு சுரம்

இரண்டாவது இடர்ப்பாடு இடம் பற்றியது. கட்டற்ற நாக்கு தான் பொருத்தப்பட்ட பக்கத்திலிருந்து காற்று வரும்போது மட்டுமே ஒழுங்காக ஒலிக்கும். துருத்தியை அமுக்கும்போது காற்று ஒரு திசையிலும், இழுக்கும்போது மறுதிசையிலும் செல்வதால், ஒவ்வொரு பொத்தானுக்கும் குறைந்தது இரண்டு நாக்குகள் வேண்டும். ஒன்று ஒலிக்கும்போது மற்றதன் வழியே காற்று வீணாகாதபடி சிறு தோற்பட்டை ஒன்று மூடிக்கொள்ளும்.

அவ்விரு நாக்குகளும் ஒரே சுரத்தை ஒலிக்குமாறு செய்வது ஒரு முறை. ஏழு பொத்தான்களும் பதினான்கு நாக்குகளும் உள்ள கருவியில் அம்முறைப்படி ஏழு சுரங்களே கிடைக்கும். அமுக்கும்போது ஒரு சுரமும் இழுக்கும்போது வேறொரு சுரமும் ஒலிக்கச் செய்வது மற்றொரு முறை. அப்பொழுது அதே பதினான்கு நாக்குகள் பதினான்கு சுரங்களைத் தரும். பழைய கர்மோன் வகைகள் பலவும் இவ்விரண்டாம் முறையையே கைக்கொண்டன. நம்மவர் சுரப்பெயர்களால் இதனை விளக்குவோமாயின், நான்கு பொத்தான்களை அமுக்கினால் ச, க, ப, மேல் ச என்பன ஒலிக்கும். அவற்றையே இழுத்தால் ரி, ம, த, நி என்பன ஒலிக்கும். நான்கு விரல்களுக்குள் ஒரு தாயி முழுவதும் அடங்கிவிட்டது! வாய் ஆர்மோனிக்காவிலே ஊதியும் உறிஞ்சியும் வாசிப்போர் இவ்வமைப்பை நன்கு அறிவர்.

மூன்றாவது இடர்ப்பாடு காற்று. ஒரு துருத்தியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கினால் அது கொள்ளும் காற்று எட்டில் ஒரு பங்காகும். நீண்ட சுரம் ஒன்றைப் பிடிக்கத் தொடங்குமுன்னரே மூச்சு முடிந்துவிடும். ஆனால் மேற்கூறிய இருசுர முறையிலே, மெட்டு நடக்க நடக்கத் துருத்தியும் திசை மாறிக்கொண்டே இருக்கின்றது. இழுக்கும் சுரம் வருந்தோறும் பெட்டி மூச்சை உள்வாங்கிக்கொள்ளும். இடத்தைச் சுருக்கக் கண்ட உபாயமே காற்றுக்குறையையும் ஓரளவு தீர்த்துவிட்டது. இச்சிறு கருவியின் அமைப்பிலே நாம் மிகவும் வியப்பது இதனையே.

ஊருக்கொரு விடை

இவ்விடர்ப்பாடுகளுக்கு உருசிய நாட்டின் ஊர்கள் தத்தமக்கு ஏற்ற விடைகளைக் கண்டன. ஒரியோல் பகுதியைச் சேர்ந்த லீவ்னி நகரத்தார் பெட்டியின் முகத்தை ஒடுக்கமாக வைத்துக்கொண்டு, துருத்தியின் மடிப்புகளை இருபத்தைந்து முதல் நாற்பது வரை பெருக்கினர். மூடினால் சிறு பெட்டி. விரித்தாலோ ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீளம். வாசிப்போன் அதனைத் தன் உடம்பைச் சுற்றி வளைத்துக் காட்டுவதும் உண்டு. வொல்கா நதிக்கரையில் உள்ள சராத்தொவ் நகரத்தார் இருசுர முறையையே போற்றி, இடக்கைப் பக்கத்தில் சிறு மணிகளைப் பொருத்தித் தாளத்துக்கு இனிமை சேர்த்தனர். சுரத்தொகை குறைந்த கருவிக்கு மணியோசை ஓர் அணியாயிற்று. ஒரே பொருளைச் செய்த ஊர்கள் ஒன்றையொன்று அப்படியே பார்த்தெழுதாமல், தத்தம் பாட்டுக்கும் காதுக்கும் ஏற்பத் திருத்தியமை கருதத்தக்கது.

கொண்டதும் இழந்ததும்

கர்மோன் பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் சஸ்தூஷ்கா எனப்படும் நாலடிக் குறும்பாட்டும் உருசியச் சிற்றூர்களில் பெருகிற்று. காதலும் கேலியும் ஊர்ச் செய்தியும் கலந்து, ஒருவர் பாட மற்றவர் எதிர்ப்பாட்டுப் பாடும் துள்ளல் நடைப் பாட்டு அது. குறுகிய மூச்சுடைய பெட்டியும் குறுகிய அடியுடைய பாட்டும் நன்கு பொருந்தின. திருமணத்திலும் மாலைநேரக் கூட்டங்களிலும், போருக்குச் செல்லும் இளைஞரை வழியனுப்பும் வேளையிலும் கர்மோன்காரனே முன்னின்றான்.

இவ்வெற்றியைக் கண்டு எல்லாரும் மகிழ்ந்தாரல்லர். உருசிய மக்களிடம் நீட்டி நெகிழ்த்துப் பாடும் பழம்பாடல்கள் பல இருந்தன. பல குரல்கள் பிரிந்தும் கூடியும் செல்லும் அப்பாடல்களின் நுண்ணிய சுர அசைவுகள், பொத்தானுக்குள் அடைபட்ட சுரங்களிலே இடம்பெற மாட்டா. இந்தப் பெட்டி வந்து பழம்பாட்டைக் கெடுத்துவிட்டது என்று நாட்டார் பாடல்களைத் தொகுத்த அறிஞர் பலர் மனம் நொந்து எழுதினர். அவர் கூற்றை வெறும் பழைமைப்பற்று என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. இழப்பு உண்மையானதே.

இவ்வழக்கு எமக்கும் புதிதன்று. 1842இல் பாரிசிலே அலெக்சாந்தர் தெபான் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம், கல்கத்தாவிலே கைத்துருத்திப் பெட்டியாக உருமாறி, தமிழ் நாடக மேடைக்கும் வந்து சேர்ந்தது. அதன் துருத்தி காற்றை ஒரே திசையில் அனுப்புவதால் இருசுர முறை அதற்கு வேண்டப்படவில்லை; ஆயினும் நாக்கு அதே நாக்குத்தான். கமகம் அதில் பிறவாது என்னும் குறையும் அதே குறைதான். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கியே வைத்திருந்தது. அங்ஙனமாகவும், இசைநாடகத்தில் நடிகன் தொண்டைக்குச் சுருதி காட்டி, ஊர்ஊராகப் பாட்டைக் கொண்டுசென்றது அந்தப் பெட்டியே அன்றோ? அதனிடம் இல்லாததைக் கேட்டால் குறையே தோன்றும். அதனிடம் உள்ளதை அறிந்து ஆண்டவர்களுக்கு அது பெருந்துணையாயிற்று.

ஒருமையும் பன்மையும்

சிறு பெட்டியின் எல்லையைக் கடக்க முயன்றோரும் தூலாவிலேயே தோன்றினர். நிக்கொலாய் பெலபரோதொவ் (1828–1912) என்பவர் 1870களில் அரைச்சுரங்களும் நிறைந்த கர்மோனை வகுத்து, கர்மோன் இசைக்குழு ஒன்றையும் அமைத்தார். 1907இல் பீட்டர் ஸ்தெர்லீகொவ் செய்த பெரிய கருவி, பழங்காலப் பாணன் ஒருவனின் பெயரால் ‘பயான்’ என வழங்கலாயிற்று. இன்று அஃது இசைக்கல்லூரிகளிலே பயிலப்படும் பெருங்கருவி.

சோவியத் காலத்திலே தொழிற்சாலைகள் பெருந்தொகையாகக் கருவிகளைச் செய்தன. அவற்றுள் வலப்பக்கம் 25, இடப்பக்கம் 25 பொத்தான்கள் கொண்டு, இருதிசையிலும் ஒரே சுரம் ஒலிக்கும் ‘குரோம்கா’ எங்கும் பரவிற்று. வாங்குதல் எளிதாயிற்று, கற்பித்தலும் எளிதாயிற்று. ஆனால் ஊருக்கொரு விடை கண்ட கைவினைஞர் மரபு மெலிந்தது. சிற்றாமைப் பெட்டி போன்றவை பெரும்பாலும் சேகரிப்பாளர் பேழைகளுக்கும் நூதனசாலைகளுக்கும் உரியவையாயின. அல்பிரட் மீரெக் (1922–2009) என்னும் அறிஞர் தம் வாழ்நாளை இக்கருவிகளின் வரலாற்றுக்கே செலவிட்டார். அவர் சேர்த்தவை மொஸ்கோவில் நூதனசாலையாயின. 1986இல் கெனாதி சவலோகின் தொடங்கிய ‘இக்ராய், கர்மோன்!’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி சிற்றூர்க் கலைஞரை நாடறியச் செய்தது. ‘வாசி, கர்மோனே!’ என்பது அதன் பொருள்.

இச்சிறு பெட்டி எமக்குக் கற்பிக்கும் பாடம் யாது? வசதி குறைந்தவிடத்து அறிவு கூடுதலாக வேண்டும் என்பதே. ஏழு பொத்தான்களில் பதினான்கு சுரம் கண்டவன் செல்வத்தினால் அதனைக் கண்டானல்லன். தன் பொருளின் இயல்பை ஐயமற அறிந்தமையினால் கண்டான். அவ்வறிவு நூலில் எழுதப்படாது கையிலே வாழ்ந்தமையால், கை ஓய்ந்தபோது அதுவும் ஓயத் தொடங்கிற்று. எமது ஊர்களிலும் பழைய ஆர்மோனியப் பெட்டிகளைத் திறந்து, நாக்கைச் சுரண்டிச் சுருதி சேர்க்கவல்ல முதியோர் சிலர் இன்னும் இருக்கக்கூடும். எமது இளைய மாணவர்கள் அத்தகையார் ஒருவரின் அருகே ஒரு மாலைப்பொழுதேனும் அமர்ந்து, அவர் அரம் எங்கே தொடுகின்றது, ஏன் தொடுகின்றது என்று கேட்டுக் குறித்துக்கொள்வாராக. பௌதிகப் பாடமும் இசைப்பாடமும் ஒருங்கே அங்குக் கிடைக்கும். அம்முதியவரின் கையறிவும் அவரோடு மறையாது எஞ்சும்.